நெல் நாற்றுகளில் உவர் அழுத்தம்

உவர் அழுத்தம் என்பது மண்ணிலோ பாசன நீரிலோ கரைந்துள்ள உப்புகள் அளவுக்கு மிஞ்சும்போது பயிருக்கு ஏற்படும் நெருக்கடி ஆகும். மண்ணின் உவர்த்தன்மை மின்கடத்துதிறனால் அளக்கப்படுகிறது. இது மீட்டருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேல் இருந்தால் அம்மண் உவர்மண் எனப்படும். நெற்பயிரோ 3 டெசிசீமென்சைத் தாண்டியதுமே பாதிக்கப்படுகிறது. அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

நெல் முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு, மூன்று இலைகள் விட்ட இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் எளிதில் பாதிக்கப்படும்.

பாதிப்பு நிகழும் விதம்

பாதிப்பு இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதலாவது நீர்ப் பற்றாக்குறை. உப்பு தூவிய மாங்காய்த் துண்டு நீர் விடுவதற்குக் காரணமான சவ்வூடு பரவலே இங்கும் செயல்படுகிறது. வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால், வயலில் நீர் நின்றாலும் வேரால் அதைப் போதிய அளவு உறிஞ்ச இயலாது. இலை சுருளும், வளர்ச்சி குன்றும்.

இரண்டாவது சோடிய நஞ்சு. சோடியம் இலைகளில் சேர்ந்து, பொட்டாசியம் செய்ய வேண்டிய பணிகளைக் குலைக்கிறது. முதிர்ந்த இலைகளின் நுனி முதலில் வெளுத்துக் காய்கிறது. புதிய இலைகள் தோன்றும் வேகத்தை விடப் பழைய இலைகள் காயும் வேகம் மிகுந்தால் நாற்று மடிகிறது.

தாங்கும் இரகங்களைக் கண்டறிதல்

வயலில் உவர்த்தன்மை இடத்துக்கு இடம் மாறுவதால், அங்கு மட்டும் இரகங்களை ஒப்பிடுவது கடினம். எனவே பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டக் கரைசலில் நாற்று வளர்த்துச் சோதிக்கும் முறையை உருவாக்கியது. துளையிட்டு வலை தைத்த மிதவைத் தட்டில் நாற்றுகள் வளர்க்கப்படுகின்றன. கரைசலில் சமையல் உப்பு சேர்த்து, மின்கடத்துதிறன் முதலில் 6, பின்னர் 12 டெசிசீமென்சாக உயர்த்தப்படுகிறது. பின் நாற்றுகளுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடப்படுகிறது. 1 என்றால் இயல்பான வளர்ச்சி. 9 என்றால் பெரும்பாலும் மடிந்த நிலை. எளிதில் மடியும் ஐஆர் 29, தாங்கும் பொக்காலி ஆகியவை ஒப்பீட்டுக்காக உடன் வளர்க்கப்படுகின்றன.

பொக்காலி கேரளக் கடலோரத்தின் மரபு நெல். உப்பைத் தாங்க உதவும் 'சால்டால்' என்னும் மரபணுப் பகுதி இதன் முதலாம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. தண்டுக்கும் இலைக்கும் செல்லும் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியச் சமநிலையைக் காக்க இப்பகுதி உதவுகிறது.

கவனிக்க வேண்டியவை

நாற்றுப் பருவத்தில் தாங்கும் இரகம் பூக்கும் பருவத்திலும் தாங்கும் என்று கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். உவர் வேறு, களர் வேறு என்பதும் முக்கியம். களர்மண்ணில் சோடியம் மண்ணின் கட்டமைப்பையே கெடுக்கிறது. திருச்சி 3 போன்ற இரகங்கள் களர் நிலத்துக்காக வெளியிடப்பட்டவை.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் பகுதி வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, குழியடிச்சான், களர்பாலை போன்ற மரபு நெல்களின் மீது கவனம் திரும்பியது. இத்தகைய விதைகளைப் பேணுவது கடலோர உழவருக்கு விளைச்சலைக் காக்கும் வழி. புதிய இரகங்களை உருவாக்குவோருக்கு மரபணு மூலமும் ஆகும்.