ஜனத்தொகை கூடியும் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர்: புனோம் பென் சாதித்தது எப்படி?

குழாயில் தண்ணீர் வரலைன்னு கேட்டால், 'ஜனத்தொகை கூடிப்போச்சு, என்ன பண்றது?' என்பதுதான் பல ஊர்களில் ரெடிமேட் பதில். 2022 நிலவரப்படி உலகில் சுமார் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டிலேயே கிடைப்பதில்லை என்கின்றன உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும். எல்லாவற்றுக்கும் ஜனத்தொகைதான் காரணமா? கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் கதை வேறு மாதிரி.

மீகாங் உட்பட மூன்று ஆறுகள் சந்திக்கும் ஊர் அது. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 1993-ல் தினமும் சுமார் 10 மணி நேரம்தான் சப்ளை, அதுவும் நகரின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும். 100 குடம் பம்ப் செய்தால் 28 குடத்துக்குத்தான் காசு வந்தது. மீதி 72 குடம்? ஓட்டைக் குழாய்களிலும் திருட்டு இணைப்புகளிலும் போனது. குழாய் இல்லாத ஏழைகள், வண்டித் தண்ணீரைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள்.

அந்த ஆண்டு குடிநீர் வாரியத்தின் பொறுப்பை ஏற்றார் பொறியாளர் எக் சொன் சான். ஆட்டத்தை முதலில் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தார். திருட்டு இணைப்பு கொடுத்து காசு பார்த்த சொந்த ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்தார். எல்லா வீட்டுக்கும் மீட்டர் என்றார். மீட்டர் வைக்க மறுத்த ராணுவ ஜெனரல் ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது, தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டினாராம் அந்த ஜெனரல். திரும்பி வந்த சான், ஆயுதம் ஏந்திய போலீஸாருடன் மறுபடி போய் இணைப்பைத் துண்டித்தார். கடைசியில் இறங்கி வந்தது ஜெனரல்தான். இது சானே பின்னர் பேட்டியில் சொன்னது.

பழைய குழாய்கள் மாற்றப்பட்டன. இதற்கு ஜப்பான், ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் நிதி கைகொடுத்தது. கட்டணமும் உயர்ந்தது. ஆனால் குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் குறைந்த கட்டணம், ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் 30 முதல் 100 சதவீதம் வரை சலுகை. வண்டித் தண்ணீரோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு இது லாபமே. நல்லா கவனிங்க, வாரியம் தனியார் கைக்குப் போகவில்லை.

2000-களின் இறுதியில் தண்ணீர் இழப்பு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. நகரின் 90 சதவீதத்துக்கு 24 மணி நேர சப்ளை. இத்தனைக்கும் இதே காலத்தில் நகரின் மக்கள்தொகையும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2006-ல் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதன்பின் நகர எல்லை விரிந்து புறநகர்கள் முளைத்தபோது, அங்கே தண்ணீர் அழுத்தம் குறைந்து மக்கள் தவித்தார்கள். ஓட்டையை அடைத்து மிச்சம் பிடிக்க இனி பெரிதாக எதுவும் இல்லை என்பதால், இப்போது நிஜமாகவே கூடுதல் தண்ணீர் தேவை. அதற்காக பக்கெங் என்ற இடத்தில் புதிய சுத்திகரிப்பு நிலையம் 2023-ல் திறக்கப்பட்டது.