அரும்பொருளகமும் ஆவணக் காப்பகமும்



பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம், பத்துமலைக்கும் செல்கிறோம். சிரம்பானில் உள்ள மாநில அரும்பொருளகத்துக்கு நம்மில் எத்தனை பேர் அழைத்துச் சென்றிருக்கிறோம்? தோட்டத்து மக்களாகிய நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அந்த அரும்பொருளக வளாகத்தில் அம்பாங் திங்கி அரண்மனை என்னும் மரவீடு ஒன்று நிற்கிறது. 1860களில் கோலப்பிலா வட்டாரத்தில், இரும்பு ஆணி அடிக்காமல், மரத்தோடு மரத்தைப் பொருத்திக் கட்டிய வீடு அது. 1953இல் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிரம்பானுக்குக் கொண்டுவந்தார்கள். 1983இல் மறுபடியும் பெயர்த்து இப்போதுள்ள இடத்தில் நிறுத்தினார்கள். பழைய வீடு ஒன்றைக் காப்பாற்ற இருமுறை பாடுபட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாம் காட்ட வேண்டியது இந்த அக்கறையைத்தான்.

நம் லயங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயம் இடிந்தபின் அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சாட்சி சொல்ல மிஞ்சுவது காகிதம் ஒன்றே. காகிதங்களைக் காக்கும் இடம் கோலாலம்பூரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே டிசம்பர் முதல் நாள் அது தொடங்கப்பெற்றது.

காப்பகத்துக்குச் செல்ல நாம் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. அடையாளக் கார்டைக் காட்டிப் பதிந்துகொண்டு, பட்டியலில் தேடி, வேண்டிய கோப்பைக் கேட்கலாம். கோப்பை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோவது நல்லது. பேனா மை சிந்தினால் ஏடு பாழாகிவிடும்.

தேடுகிறவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, ஊர்ப் பெயர். இன்றைய நெகிரி செம்பிலான் 1895இல் உருவான கூட்டமைப்பு. அதற்கு முன் சிரம்பான் பகுதி சுங்கை ஊஜோங் என்ற தனி நாடாக இருந்தது. காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்துச் செய்திகளையும், 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் ரயில் பாதை பற்றிய செய்திகளையும் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். தோட்டங்களுக்கும் நாம் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று, கம்பெனி எழுதிவைத்த பெயர் வேறொன்று.

இரண்டாவது, ஆட்பெயர். முனியாண்டி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஓர் எழுத்துக்கூட்டலில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் பார்க்க வேண்டும்.

இப்படித் தேடினால் கிடைப்பவை என்ன? ஆண்டறிக்கைகளும் அதிகாரிகளின் கடிதங்களும் கிடைக்கும். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்ததையும், கங்காணிகள் வழியாக வந்தோரின் தொகையையும், 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுத்ததையும் அவற்றில் காணலாம். ஆனால், அவை பெரும்பாலும் நம்மைத் தலைக்கணக்காக எண்ணியவர்கள் எழுதியவை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லும். அவர்கள் யார் பெற்ற பிள்ளைகள் என்று சொல்வது அரிது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தோட்டத்து மக்களுள் பலருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

அந்தப் பெயர்கள் இருக்கக்கூடிய ஏடுகள் வேறு. கிராணி எழுதிய செக்ரோல், தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, மாரியம்மன் கோயில் வரவுசெலவுக் கணக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகம், திருமணப் பத்திரிகை ஆகியவை அவை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை பெற முடியாமல் தவித்த குடும்பங்களை நாம் அறிவோம். அப்படிப்பட்ட வேளையில் பள்ளிப் பதிவேட்டின் ஒரு வரிகூட ஒருவருக்குச் சான்றாக உதவக்கூடும். அப்படியிருந்தும், தோட்டம் கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்த ஏடுகள்தாம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. பழைய ஏட்டைக் கறையானும் ஈரமும் அண்டாத இடத்தில் வைப்போம். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம். நாளடைவில் அதன் பசை தாளை அரித்துக் கறையாக்கிவிடும். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுதுவோம். படத்தில் இருப்பவரை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். கோயிலோ பள்ளியோ இடம் மாறினால், சிலையையும் மேசை நாற்காலியையும் ஏற்றும் லாரியில் பதிவேடுகளுக்கும் இடம் கொடுப்போம். தனியார் தரும் ஆவணங்களையும் தேசியக் காப்பகம் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் அறிந்திருப்போம்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு சிரம்பான் அரும்பொருளகத்தைப் பார்த்துவிட்டு வருவோம். வீடு திரும்பியதும் பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கி, உள்ளே என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன என்று அவர்களையே பட்டியல் எழுதச் சொல்வோம்.