புகைக்கும் கரண்டுக்கும் வழி சொல்லுங்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை உரசிக்கொண்டு போனது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. கரண்ட் திரும்பப் பல ஊர்கள் நாள்கணக்கில் காத்திருந்தன. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓடவில்லை. அந்த நாட்களைப் பார்த்தவர்கள் ஜெனரேட்டர் வாங்க நினைப்பது இயல்பே.

இரண்டு மூன்று மணி நேர மின்தடைக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். நாள்கணக்கில் என்றால்தான் ஜெனரேட்டர். வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஐந்து எல்.இ.டி. பல்பு 45 வாட், இரண்டு மின்விசிறி 150 வாட், பிரிட்ஜ் சுமார் 200 வாட். மொத்தம் 400 வாட்டுக்குள் அடங்கும். ஆனால் பிரிட்ஜின் கம்ப்ரசரும் கிணற்று மோட்டாரும் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே ஏறக்குறைய 1,000 வாட் கேட்கும். ஆகவே கடையில் மோட்டாரின் திறனைச் சொல்லி, அது கிளம்பும்போது இயந்திரம் தாங்குமா என்று கேளுங்கள். கே.வி.ஏ.வும் கிலோவாட்டும் ஒன்றல்ல. திறன் காரணி 0.8 என்றால் 2.5 கே.வி.ஏ. இயந்திரம் 2 கிலோவாட்தான் தரும்.

அடுத்தது புகை. மழையில் நனையக் கூடாதென்று ஜெனரேட்டரைப் படிப்புரையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்கத் தோன்றும். சாரலுக்குப் பயந்து சன்னலையும் சாத்தியிருப்போம். ஆபத்து அங்கேதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் களைப்பென்று படுத்துவிடுவோம். தூங்கியவர் எழாமலே போகலாம். 2020இல் அமெரிக்காவின் லூசியானாவில் லாரா புயலுக்குப் பின் இப்படிப் பலர் இறந்தார்கள். சன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, நான்கு பக்கமும் திறந்த கூரையின் கீழ், புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். பெட்ரோல் ஊற்றும் முன் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுங்கள்.

கடைசியாக, கரண்ட் போகும் வழி. ஜெனரேட்டரின் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க வெளிச்சம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் மின்வாரியக் கம்பி வழியே தெரு டிரான்ஸ்பார்மருக்கும் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மர் இருபக்கமும் வேலை செய்யும் கருவி. 11,000 வோல்ட்டை வீட்டுக்குரிய அளவாகக் குறைக்கும் அதே கருவி, வீட்டிலிருந்து ஏறும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி, செத்துக் கிடக்கும் கம்பிக்கு உயிர் கொடுத்துவிடும். இதைத் தடுப்பது சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அது இருந்தால் மின்வாரிய இணைப்பு முழுதும் துண்டிக்கப்பட்ட பிறகே ஜெனரேட்டர் வீட்டோடு சேரும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து அதையும் எர்த்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒக்கிக்குப் பிறகு வெளிமாவட்டங்களிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் வந்து இங்கே கம்பம் நட்டார்கள். அடுத்த புயலுக்கும் யாரோ ஒருவர் நம் தெருக் கம்பத்தில் ஏறுவார். அவர் பிடிக்கும் கம்பியில் நம் வீட்டுக் கரண்ட் இருக்கக் கூடாது.