நிலம் அளந்த படைவீரர் லாம்டன்

படைத்துறையினர் அறிவியல் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்குவது இக்காலத்துப் புதுமையன்று. சென்னையை அடுத்த பரங்கிமலையருகே 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் ஒரு பெரும்பணி தொடங்கிற்று. பிற்காலத்தில் பெரு முக்கோண நில அளவை என்று பெயர் பெற்ற அப்பணியின் தலைவர், ஆங்கிலப் படையின் 33ஆம் காலாட்பிரிவைச் சேர்ந்த வில்லியம் லாம்டன் ஆவார்.

1799இல் திப்பு சுல்தானுடன் நடந்த போரின்போது, பேர்டு என்னும் தளபதியின் படை ஓரிரவு பாசறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. விண்மீன்களை நோக்கியபடி வந்த லாம்டன், படை வடக்கே செல்லாமல் தெற்கே பகைவரை நோக்கிச் செல்கிறது என்று எச்சரித்தார். விண்மீன்களைக் கேட்டு வழிநடக்கும் தேவை தமக்கில்லை என்றார் தளபதி. பின்னர் விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்டன் கூற்றே மெய்யாயிற்று.

போர் முடிந்ததும், ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவோடு, தென்னாட்டைக் கீழ்க்கடல் முதல் மேல்கடல் வரை அளக்கும் திட்டமொன்றை அவர் சென்னை அரசினர் முன் வைத்தார். புதிதாகக் கைக்கொண்ட நாட்டுக்குத் திருத்தமான வரைபடம் வேண்டும் என்பது அரசினர் நோக்கம். லாம்டன் உள்ளத்தைக் கவர்ந்ததோ வேறொன்று. பூமி முனைகளில் சற்றே தட்டையானது. ஆகவே அட்சரேகையின் ஒரு பாகைக்குரிய தொலைவு முனைகளின் பக்கம் மிகுந்தும் நடுக்கோட்டின் பக்கம் குறைந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டைக் கணிக்க, நடுக்கோட்டை அடுத்த நாடொன்றில் செய்த நுட்பமான அளவை தேவைப்பட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. ஸ்ரீரங்கப்பட்டினம் செல்ல விரும்புவோன் தன் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதுமே, லாம்டனின் படம் எதற்கு என்று நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் கேட்டாராம். பல்லக்குத் தூக்கிகளுக்கு வழி தெரியும் என்பது உண்மையே. பூமியின் உருவத்தை அவர்களிடம் கேட்டறிய இயலாது.

முக்கோண அளவையில் ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கினாலேயே பெறலாம். ஆதலால் முதற்பக்கமாகிய அடிக்கோட்டில் பிழை நேர்ந்தால், அது தொடர்ந்து வரும் முக்கோணங்கள் அனைத்திலும் புகும். ஏறத்தாழ 7½ மைல் நீண்ட அக்கோட்டை லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் 400 முறை அளந்தார். வெப்பம் 20 பாரன்ஹீட்டுப் பாகை ஏறினால் அச்சங்கிலி அங்குலத்தில் ஆறிலொரு பங்களவு நீளும். அற்பமாகத் தோன்றும் இது 400 முறையில் ஐந்தடிக்குக் குறையாத பிழையாகும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்தம் கணித்தனர். இப்பணி எட்டு வாரம் பிடித்தது.

கோணம் அளக்கும் தியோடலைட்டுக் கருவியோ அரை டன் எடையுள்ளது, இலண்டனில் செய்யப்பட்டது. அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். ஆயினும் அது அறிவியற் கருவியென்று அறிந்ததும், ஆங்குள்ள ஆளுநர் பாராட்டு மடலொன்றையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். இரு நாடுகளும் பகைமை பூண்டிருந்த காலம் அது!

பகைவர் கையில் தப்பிய கருவி 1808இல் தஞ்சையில் விபத்துக்குள்ளாயிற்று. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. மரத்தோப்புகள் பார்வையை மறைத்தன. ஆகவே கோயிற் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணப்பிரிவுகள் பொறித்த அதன் பெருவட்டம் வளைந்து போயிற்று. வேறொன்றை இங்கிலாந்திலிருந்து வருவிப்பதென்றால் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். செய்த பணி நடுவழியில் நின்றுவிடும் என்ற நிலையில், லாம்டன் கருவியைத் திருச்சிராப்பள்ளிப் படைக்கலச் சாலைக்கு எடுத்துச் சென்றார். ஆப்புகளும் திருகாணிகளும் கப்பிகளும் கொண்டு அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து ஆறு வாரத்தில் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். இத்துணைப் பொறுமையை அவர் போர்க்களத்தில் கற்றிருக்க முடியாது.

சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட தொலைவு பழைய படங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்பது இவ்வளவையால் வெளிப்பட்டது. குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே சென்ற முக்கோணத் தொடரை நாகபுரி நோக்கி நடத்திச் செல்கையில், 1823 ஜனவரி 20ஆம் நாள் இங்கண்காட்டு என்னும் ஊரில் எழுபது வயதளவில் லாம்டன் உயிர்நீத்தார். அவருக்கு உதவியாளராயிருந்த படை அதிகாரி ஜார்ஜ் எவரெஸ்டு பணியை ஏற்று, 1841இல் இமயத்தின் அடிவாரம் வரை அதனைக் கொண்டு சேர்த்தார். 1866இல் கிளார்க்கு என்னும் மற்றொரு படை அதிகாரி பூமியின் உருவத்தைக் கணித்தபோது, அவர் எடுத்துக்கொண்ட அளவைகளுள் இந்தியத் தொடரும் ஒன்று.