கடல் கடந்து வரும் சம்மன்

தபால்காரர் ஒரு நாள் அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய நீளமான உறையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிரித்துப் பார்த்தால், பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் ஊரின் கோர்ட்டில் உங்கள்மேல் வழக்கு! நீங்கள் என்ன செய்வீர்கள்?

'எங்கேயோ இருக்கிற கோர்ட்டு நம்மை என்ன செய்துவிடும்?' என்று பரண்மேல் போடுகிறவர்கள் உண்டு. பதறிப்போய், கேட்ட கேள்விக்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது.

திருப்பதியில் 1975-ம் வருஷம் ஒரு கல்யாணம் நடந்தது. (பெயர்கள் நமக்கு எதற்கு?) தம்பதிகள் கடைசியாகச் சேர்ந்து குடித்தனம் நடத்தியது அமெரிக்காவில், லூயிஸியானா ராஜ்யத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில். 1978 ஜூலையில் பிரிந்தார்கள். கணவர் முதலில் திருப்பதி ஸப் கோர்ட்டில் விவாகரத்துக்கு மனுப் போட்டார். பிறகு மிஸௌரி என்ற வேறொரு ராஜ்யத்தில் 90 நாள் வாசம் செய்ததாகச் சொல்லி, அங்கே செயின்ட் லூயி கௌண்டி கோர்ட்டிலும் ஒரு மனுப் போட்டார். அந்த ஊர்ச் சட்டத்துக்கு 90 நாள் போதும்!

மனைவி இங்கிருந்தே பதில் அனுப்பினார். 'உங்கள் கோர்ட்டின் அதிகாரத்துக்கு நான் உட்படவில்லை; ஆட்சேபத்துடனேயே இந்தப் பதில்' என்பது அதன் சாரம். அந்த ஆட்சேபம் பின்னால் எப்படிக் கைகொடுத்தது பாருங்கள்.

1980 பிப்ரவரியில் மிஸௌரி கோர்ட் அவர் இல்லாமலே விவாகரத்து வழங்கிவிட்டது. அடுத்த வருஷம் நவம்பரில் கணவர் யாதகிரிகுட்டாவில் வேறொரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டினார். முதல் மனைவி, 'இது இருதார மணம்' என்று பிராது கொடுத்தார். மாஜிஸ்டிரேட் அமெரிக்க டிக்ரியின் நகலைப் பார்த்துக் கணவரை விடுவித்தார். ஹைகோர்ட் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. விஷயம் டில்லி வரை போயிற்று.

1991 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: மிஸௌரி டிக்ரி இங்கே செல்லாது; மாஜிஸ்டிரேட் வழக்கை நடத்தட்டும். ஆட்சேபத்துடன் பதில் அனுப்பியதாலேயே ஒருவர் அந்தக் கோர்ட்டுக்கு உட்பட்டவர் ஆகிவிடமாட்டார் என்றும் சொன்னது.

இந்த நியாயம் பழையது. பஞ்சாபில் பரீத்கோட் சமஸ்தானம் என்று ஒன்று இருந்தது. அதன் பொக்கிஷதார் ஒருவர் 1874-ல் வேலையை விட்டு வேறு சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். 'பணம் பாக்கி' என்று ராஜா தம்முடைய கோர்ட்டிலேயே வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினார். கேட்க வேண்டுமா, ராஜாவுக்கு ஜயம்தான்! ஆனால் 1894-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அங்கே குடியிராதவர்மேல், அந்தக் கோர்ட்டுக்குத் தலை வணங்காதவர்மேல் வாங்கிய டிக்ரி வெளியூரில் வெறும் காகிதம் என்று சொல்லிவிட்டது. வாதிதான் பிரதிவாதியின் ஊரைத் தேடிப் போகவேண்டும்.

1991 தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வெறுமனே சம்மன் அனுப்பிவிட்டால் போதாதாம். வேண்டிய இடத்தில் மனைவி அங்கே வந்து வழக்காட வழிச் செலவு, தங்கும் செலவு, வழக்குச் செலவு எல்லாவற்றுக்கும் மனுதாரரை ஏற்பாடு செய்யச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நடந்தது நியாய விசாரணையே அல்ல. விமான டிக்கெட் வாங்க வழியில்லாத பெண்ணிடம் 'நீ ஏன் வரவில்லை?' என்று கேட்பது என்ன நியாயம்?

ஆனால் இதை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கோர்ட்டு எதுவுமே நம்மை ஒன்றும் செய்யாது என்று எண்ணிவிடாதீர்கள். மனைவியும் அங்கேயே நிலையாகக் குடியிருந்து, நமது சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்துக்காக வழக்கு நடந்தால் அந்தத் தீர்ப்பு இங்கும் நிற்கும். மனமொப்பி அங்கே போய் வழக்காடினாலும், விவாகரத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டாலும் அப்படியே. இங்கே செல்லாத டிக்ரிகூட, அது பிறந்த ஊரில் அழிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் சொத்தோ, குழந்தையோ, வேலையோ இருக்கிறவர்கள் அங்குள்ள வக்கீலையும் கலந்துகொள்வதே உசிதம்.

உறை வந்தால் அதன் மேலுள்ள தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம். பதில் எழுதுவதாக இருந்தால் அதிகாரத்தைப் பற்றிய ஆட்சேபம் முதல் வரியிலேயே இருக்கட்டும். கடிதத்தின் நகலும் தபால் ரசீதும் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.