மாம்பழம் பழுத்ததா, காயா?

ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' நாவல் வெளிவந்தது 1935இல். என் வயதுக்காரர்களில் பலருக்கு அந்தச் சுவாமியைக் காட்டியது புத்தகமல்ல, தூர்தர்ஷனில் 1980களில் வந்த 'மால்குடி டேஸ்'. சங்கர் நாக் இயக்கம், ஆகும்பேயில் படப்பிடிப்பு, எல். வைத்தியநாதன் இசை. அப்பாவாக கிரீஷ் கர்னாட்.

நாவலில் அப்பா சுவாமிக்கு ஒரு கணக்கு கொடுப்பார். ராமன் 10 மாம்பழங்களை விற்று 15 அணா பெற நினைக்கிறான். கிருஷ்ணனுக்கு 4 பழம் போதும். அவன் எவ்வளவு தர வேண்டும்? விடை 6 அணா. சுவாமிக்கோ பழம் பழுத்ததா, காயா என்று தெரிந்தாக வேண்டும்!

அந்தப் பகுதியில் பாதிக்கு மேல் அவன் மனத்துக்குள் நடப்பது. 'நினைத்தான்' என்று நாவலாசிரியர் எழுதிவிடலாம். கேமராவுக்கு நினைப்பு தெரியாது. முகம், கை, மௌனம், பேச்சு இவைதான் தெரியும். நாவல் படமாகும்போது நடக்கும் முக்கியமான வேலை இந்த மாற்றம்தான்.

குரோம்பேட்டையில் என் ஒன்பதாம் வகுப்பில் இதையே பயிற்சியாக்கினேன். பகுதியை வாசித்துத் தமிழில் விளக்கினேன். குழுவாகக் காட்சி எழுத வேண்டும், மனக்குரல் கூடாது. ஒரு குழுவின் சுவாமி நோட்டில் மாம்பழம் வரைந்து ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் தீட்டினான். மற்றொரு குழுவில் அப்பாவின் செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

ஒரு மாணவி எழுதவில்லை. அவள் அம்மா ரயில் நிலையம் பக்கம் பழம் விற்பவர். "பழுத்தது ஒரு விலை, காய் ஒரு விலை மிஸ். பத்துக்கும் ஒரே விலைன்னு யார் சொன்னது?" என்றாள். எல்லாப் பழமும் ஒரே விலை என்று கணக்கு சொல்லாமல் வைத்துக்கொண்ட அனுமானத்தைத்தான் அவள் பிடித்தாள். மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை எழுதியவள் நான். இப்படிக் கேட்ட பிள்ளைகளிடம் "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

நாராயண் தலைமையாசிரியர் ஒருவரின் மகன். மாநிலங்களவை நியமன உறுப்பினராக 1989இல் அவர் பேசியது புத்தகப் பையின் சுமை பற்றி. பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒன்று: தொடரை முதலில் காட்டாதீர்கள், பிள்ளைகள் அதையே எழுதிவிடுவார்கள். எழுதி, நடித்து முடித்த பிறகு ஹைடெக் லேபில் ஒரு பகுதி போதும். எனக்கு இரண்டு பாடவேளை பிடித்தது. அந்த மாணவியின் குழு எழுதிய காட்சியில் சுவாமி பழத்தை எடுத்து முகர்ந்து பார்க்கிறான். அப்பாவும் வாங்கி முகர்கிறார்.