பாட்டி வைத்த வெள்ளி ரூபாய் எவ்வளவு பெறும்?

வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் வீட்டில் இருந்தால் பத்து லட்சம் கிடைக்கும் என்று சொல்லும் வீடியோக்கள் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. 2012இல் பொதுப் புழக்கத்துக்காக வெளியான நாணயம் அது. கடையில் நீட்டினால் ஐந்து ரூபாய்க்குச் சாமான் தருவார்கள். ஆசைப்பட்டு வீடியோவில் வரும் எண்ணை அழைப்பவரிடம் முதலில் நாணயத்தின் படத்தைக் கேட்பார்கள். அடுத்து பதிவுக் கட்டணம், அப்புறம் ஜி.எஸ்.டி., பிறகு கூரியர் செலவு, கடைசியில் ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கட்டணம். பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. ஏல நிறுவனங்கள் கமிஷன் எடுப்பது உண்மைதான். ஆனால் அது பொருள் விற்ற பிறகு, விற்ற தொகையிலிருந்து கழிக்கப்படும். விற்பவரையே முன்பணம் கட்டச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்த வலையில் விழுகிறவர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நாணயத்துக்கு விலை எப்படி அமைகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை என்பதுதான் உண்மை.

பழையது என்றாலே விலை அதிகம் என்பது முதல் தப்பெண்ணம். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் பெயர் என்றிருக்கும் ராஜராஜன் செப்புக் காசுக்கு ஆயிரம் வயது. ஆனால் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் தேய்ந்த காசு சில நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைத்துவிடும். ஆறாம் ஜார்ஜ் படமுள்ள 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு நூறு வயதுகூட ஆகவில்லை. சேகரிப்பாளர்கள் அதற்குத் தவம் கிடக்கிறார்கள். மிகச் சிலவே வெளியில் இருக்கின்றன என்பதுதான் காரணம். அதனாலேயே 1938இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கும் வேலையும் தாராளமாக நடக்கிறது. லென்ஸ் வைத்து அந்த எண்ணைப் பார்க்காமல் யாரும் இந்த நாணயத்தை வாங்கக் கூடாது.

அரிதா, கேட்பவர் உண்டா, உலோகம் என்ன என்பவற்றோடு விலையைத் தீர்மானிப்பது நாணயத்தின் நிலை. இதைத்தான் கிரேடு என்கிறார்கள். அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று உலகெங்கும் புழங்குகிறது. 60ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத நாணயம். நம் வியாபாரிகள் யு.என்.சி. என்பது இதைத்தான். அதற்குக் கீழே எக்ஸ்.எஃப்., வி.எஃப்., ஃபைன் என்று இறங்கும். தேய்மானத்தை மேடான இடத்தில் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடமும் காதும் மேலங்கியிலுள்ள சின்ன யானையும் முதலில் மழுங்கும். 1911இல் அந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எழுந்த எதிர்ப்பில் நாணயமே திரும்பப் பெறப்பட்டது. ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் இன்றும் கடைவீதியில் உண்டு.

ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, ஒரே உலோகம். கிரேடு மாறினால் விலை பத்து மடங்கு மாறலாம். அந்தப் பத்து மடங்கை நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்த்தே அழித்துவிடுகிறோம். குத்துவிளக்கு பளபளக்கலாம், நாணயம் பளபளத்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். காலத்தால் படிந்த நிறம் போய், நுண்ணிய கீறல்கள் விழுந்துவிடும். வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனங்கள் அப்படிப்பட்ட நாணயத்துக்கு எண் தராமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்து அனுப்பும். மலிவான பி.வி.சி. உறையில் போட்டு வைப்பதும் தவறு. நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும்.

பி.சி.ஜி.எஸ். 1986இலும், என்.ஜி.சி. 1987இலும் தொடங்கிய அத்தகைய தரச்சான்று நிறுவனங்கள். நாணயத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, கிரேடும் சான்று எண்ணும் பொறித்துத் தருவார்கள். அந்த எண்ணை அவர்களின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பெட்டியையே போலியாகச் செய்து உண்மையான எண்ணை அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எண் சரியாக இருந்தாலும் தளத்தில் உள்ள படத்தோடு நாணயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளி ரூபாய்க்கு இன்னொரு எளிய சோதனை, எடை: 11.66 கிராம். நகைக்கடைத் தராசு போதும்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமன் படங்களோடு 1616, 1818 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா என்று விற்கப்படும் செப்பு வில்லைகள் நாணயங்களே அல்ல. கம்பெனி சாமி படமே போட்டதில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள், அது சரியல்ல. கம்பெனி சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் என்ற காசில் விஷ்ணு இருக்கிறார். ஆனால் இந்த அரையணாக்கள் எந்த நாணயச்சாலையிலும் அடிக்கப்படவில்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று சொல்லி கோடிகளைக் கேட்பவர்கள் கையிலும் இந்த வில்லைகள்தான் இருக்கும்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, கிரேடு வாங்குவதற்காகக்கூட. மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவருக்குப் பங்கு கேட்கும் உரிமை உண்டு. மறைத்தவருக்குப் பங்கும் போகும், சிறையும் வரலாம்.

பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அதுவே வழி. ஆன்லைன் தளத்தில் வாங்கியது போலி என்றால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன்பின் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்காது.

ஆணையத்தில் முதலில் கேட்பது பில். ‘பழைய வெள்ளி நாணயம் 1’ என்று எழுதிய பில் எதையும் நிரூபிக்காது. ஆண்டு, நாணயச்சாலை, கிரேடு, அசல் என்ற உறுதி ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.